எழுபது சதுர அடி

நியூயார்க் மாநிலம் 1901-ல் இயற்றிய வாடகைக் குடியிருப்புச் சட்டம், ஒவ்வொரு குடித்தனத்திலும் ஓர் அறையாவது 120 சதுர அடி இருக்க வேண்டும், மற்ற அறைகள் 70 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்றது. இன்று அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை தழுவிக்கொண்டிருக்கும் மாதிரிக் குடியிருப்பு விதித்தொகுப்பிலும் அதே 70 இருக்கிறது. 120-ஐ 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 70 தங்கிவிட்டது. இடையில் எரிவாயு விளக்கு போய் மின்விளக்கு வந்தது, காசநோய்க்கு மருந்து வந்தது, ஏசி வந்தது. அறையின் கீழ்வரம்பு மட்டும் அசையவில்லை. ஏழடிக்குப் பத்தடி: ஒரு கட்டில், அதன் பக்கத்தில் ஆள் நடக்க வழி, துணிமணிக்கு ஒரு மூலை. அவ்வளவுதான்.

கட்டட விதிகளில் தூங்கும் இடத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? கூடத்தில் புகை சூழ்ந்தால் விழித்திருப்பவர் எழுந்து வெளியே போவார். நாற்றமடித்தால் கதவைத் திறப்பார். தண்ணீர் ஏறினால் மாடிக்கு ஓடுவார். தூங்குகிறவரால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. அவர் செய்ய முடியாததைச் சுவரும் ஜன்னலும் குழாயும் அவருக்காகச் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த விதிகளின் அடிப்படை. ஆனால் விதிகளைப் பேரம் பேசி எழுதியவர்கள் எல்லோரும் விழித்திருந்தவர்கள்: வீட்டுக்காரர்கள், குழாய்த் தொழில் பத்திரிகைக்காரர்கள், நீதிபதிகள், சில சமயம் இனவெறியர்கள். ஒவ்வொரு எண்ணிலும் அந்தப் பேரத்தின் தடம் இருக்கிறது.

நியூயார்க் மனைகள் பொதுவாக 25 அடி அகலம், 100 அடி நீளம். ஒரு குடும்பம் வாழும் தனிவீட்டுக்கு அது பொருத்தமான அளவு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் மக்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கியபோது, அதே மனையில் 90 அடி ஆழத்துக்குக் கட்டடத்தை இழுத்து, ஐந்து ஆறு மாடி ஏற்றி, மாடிக்கு நாலு குடித்தனம் வைத்தார்கள். அறைகள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தெருவைப் பார்த்த அறைக்கும் கொல்லையைப் பார்த்த அறைக்கும் வெளிச்சம் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. குடும்பங்கள் படுத்தது பெரும்பாலும் அந்த நடு அறைகளில்தான்.

1867-ல் வந்த முதல் சட்டம் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்றது. தூங்கும் அறைக்குக் காற்று வர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அந்தக் காற்று வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று கறாராகச் சொல்லவில்லை. பக்கத்து அறையிலிருந்தோ கட்டடத்தின் உள் நடையிலிருந்தோ ஒரு வென்டிலேட்டர் வழியாக வந்தால் போதும். இரண்டு ஆண்டு கழித்து சுகாதார வாரியம் இப்படிப்பட்ட உள்ளறைகளில் 46,000-க்கும் மேற்பட்ட ஜன்னல்களை வெட்டச் சொல்லி உத்தரவிட்டதாக, சேரி வாழ்க்கையைப் புகைப்படமெடுத்து எழுதிய ஜேக்கப் ரீஸ் பதிவு செய்திருக்கிறார். பிரமாண்டமான எண்தான். எல்லாம் இருட்டிலிருந்து இருட்டுக்குத் திறந்த ஜன்னல்கள்.

அந்த ஜன்னல்களை இன்றும் பார்க்கலாம். மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் 97 ஆர்ச்சர்ட் தெருவில் 1863-ல் கட்டிய வாடகைக் குடியிருப்பு ஒன்று இப்போது அருங்காட்சியகம். ஒரு குடித்தனம் சுமார் 325 சதுர அடி, மூன்று அறை. 1935 வரை ஏறக்குறைய 7,000 பேர் அங்கே வாழ்ந்து போயிருக்கிறார்கள். வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவே, வீட்டுக்குள்ளேயே, சுவரில் ஒரு முழு ஜன்னல் சட்டமும் கண்ணாடியுமாக நிற்கிறது. வெளியே திறக்க வழியில்லாத அறைக்காக, சட்டத்தின் வாயை அடைக்க வைத்த ஜன்னல். கட்டடக் கலையில் இதைவிட நேர்மையான சட்ட ஆவணம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த மாற்றம் வந்த திசை விசித்திரமானது. 1878 டிசம்பரில், குழாய்த் தொழிலுக்கும் சுகாதாரப் பொறியியலுக்குமான ஒரு பத்திரிகை போட்டி அறிவித்தது: 25-க்கு 100 மனையில், முதலாளிக்கும் லாபம் வர வேண்டும், குடியிருப்பவருக்கும் காற்று வர வேண்டும், வரைபடம் அனுப்புங்கள். பத்திரிகையை நடத்தியவர் ஹென்றி மேயர். பரிசு பெற்றவர் ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞர். கட்டடத்தை இரு பக்கமும் இடுப்பில் உள்ளே தள்ளி, பக்கத்துக் கட்டடமும் அதேபோல் தள்ளினால் நடுவில் ஒரு காற்றுக்குழி கிடைக்கும் என்பது அவருடைய யோசனை. மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சிக்காரர் தூக்கும் டம்பெல் வடிவம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1879-ன் திருத்தச் சட்டம் ஒவ்வொரு படுக்கையறைக்கும் வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஜன்னல் கட்டாயம் என்றது. டம்பெல் கட்டடத்தின் காற்றுக்குழி ‘வெளிக்காற்று’ என்ற கணக்கில் சேர்ந்தது.

சென்னை அடுக்குமாடிகளில் ‘ஓடிஎஸ்’ என்று சொல்லிக் கொடுக்கிற, வானத்துக்கு மட்டும் திறந்த இடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு அடுத்த கதையை விளக்க வேண்டியதில்லை. ஒரு கட்டடம் விட்ட இடம் சுமார் 28 அங்குலம். இரண்டு கட்டடமும் சேர்ந்து ஐந்தடிக்குக் குறைவு. நீளம் ஐம்பது, அறுபது அடி. ஆழம் ஐந்தாறு மாடி. மேல்மாடிக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம். குப்பை கொட்டப் படியிறங்க விருப்பமில்லாதவர்கள் ஜன்னல் வழியே குழியில் கொட்டினார்கள். அடியில் அழுகியது மேலே நாறியது. எதிர் ஜன்னலில் நடக்கும் சண்டை இந்த வீட்டில் கேட்டது. தீப்பிடித்தால் குழி புகைபோக்கியாக மாறி, நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. மாடிக்குப் பதினாலு அறை. அவற்றில் நாலுக்குத்தான் தெரு அல்லது கொல்லை வெளிச்சம் நேராக வந்தது. படுக்கையறைகள் சில ஏழடிக்கு எட்டரையடி. சட்டம் கேட்டதெல்லாம் இருந்தது. ஜன்னல் இருந்தது, அதற்கு வெளியே ஆகாயமும் இருந்தது.

ஒரு விதியை எழுதும்போது எதை அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இதைப் படிக்கும்போது தோன்றும். 1879-ன் சட்டம் ஜன்னலை அளந்தது. ஜன்னலுக்கு வெளியே இருப்பதை அளக்கவில்லை.

அதை அளக்க வைத்தவர் லாரன்ஸ் வெய்லர். கட்டடக் கலைஞரோ மருத்துவரோ அல்ல. தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1900-ல் அவர் ஏற்பாடு செய்த கண்காட்சியில் கிறிஸ்டி, ஃபோர்சித், கனால், பேயர்ட் தெருக்களுக்கு நடுவிலிருந்த ஒரு முழு வட்டாரத்தை அட்டையில் செய்து வைத்தார். பக்கத்தில் கணக்கு: 39 கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 மனிதர்கள், 264 கழிப்பறைகள், ஒரு குளியல் தொட்டிகூட இல்லை, வெளிக்காற்றே படாத இருட்டறைகள் 441. மாநில ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் குழு அமைத்தார். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. அதை அமல்படுத்த வந்த துறை நகரம் முழுக்க எண்ணிப் பார்த்தபோது மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இருட்டறைகள் கணக்கில் ஏறின.

1901-ன் சட்டம் காற்றுக்குழியை ஒழித்தது. அதன் இடத்தில் முற்றம் கேட்டது, கட்டடம் உயர உயர முற்றமும் அகல வேண்டும் என்றது. அறுபது அடி உயரக் கட்டடத்தில் பக்கத்து மனையை ஒட்டி வரும் உள்முற்றம் 12 அடிக்கு 24 அடி. 25 அடி மனையில் பாதியை முற்றமே தின்றுவிடும். ஆகவே 25 அடி மனையில் தனியாகக் கட்டுவது லாபமில்லாமல் போய், மனைகளைச் சேர்த்து நாற்பது ஐம்பது அடி அகலத்துக்குக் கட்டத் தொடங்கினார்கள். கட்டக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. கணக்கு இடிக்கும்படி விதி எழுதினார்கள். ஜன்னலின் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அதனுள்ளேயே கழிப்பறை, அறைக்கு 70 சதுர அடி என்பவையும் அதே சட்டத்தில் வந்தன.

புதிய கட்டடங்களைப் பற்றிய விதிகள் மேல் பெரிய வழக்கு வரவில்லை. வழக்கு வந்தது பழைய கட்டடத்தின் கழிப்பறை மேல்தான். கொல்லையில் நீளமான ஒரு தொட்டி, அதன்மேல் வரிசையாக இருக்கைகள், எப்போதாவது தண்ணீர் திறந்து மொத்தமாகச் சாக்கடைக்குத் தள்ளுவது என்ற ஏற்பாடு அன்று பரவலாக இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தனித்தனிக் கழிப்பறை வைக்க வேண்டும் என்றது சட்டம். கேட்டி மோஷன் என்ற வீட்டுக்காரர் மறுத்தார். என் சொத்தில் என் காசில் நான் கட்டியதை, பின்னால் வந்த சட்டம் எப்படி எடுக்கச் சொல்லலாம் என்பது வாதம். 1904-ல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. 1906-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டின் உள்ளே அரசு கை நீட்டலாம் என்ற கொள்கைக்கு அமெரிக்காவில் உறுதியான அடித்தளம் போட்ட வழக்குகளில் ஒன்று, கொல்லைக் கழிப்பறை பற்றியது. சட்ட மாணவர்கள் இதைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் படிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதே காலத்தில் கண்டத்தின் மறுகரையில் தூங்கும் அறைச் சட்டம் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. சான் பிரான்சிஸ்கோ 1870-ல் ஒரு விதி கொண்டுவந்தது: விடுதியறையில் படுக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் 500 கன அடி காற்று இருக்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி என்றால் இரண்டே பேர். மருத்துவ நோக்கில் பார்த்தால் அன்றைய அறிவுக்கு இதில் தவறேதும் இல்லை. ஆனால் விதியைக் கேட்டு நின்றவர்கள் சீனத் தொழிலாளர்களை விரட்ட நினைத்த சங்கங்கள். சோதனை நடந்தது சீனர் குடியிருப்பில். நெருக்கியடித்துப் படுத்ததற்காக, படுத்தவர்களையே பிடித்தார்கள். அவர்கள் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். சிறை நிரம்பி, அங்கேயே ஆளுக்கு 500 கன அடி இல்லாமல் போயிற்று.

அபராதம் கட்ட வைக்க நகரம் கண்டுபிடித்த வழி, சிறைக்கு வருபவரின் தலைமுடியை ஓர் அங்குலத்துக்கு வெட்டும் விதி. சீன ஆணுக்குப் பின்னல் மானப் பிரச்சினை. பத்து டாலர் அபராதம் கட்டாமல் சிறை போய்ப் பின்னலை இழந்த ஹோ ஆ கோவ் என்பவர் நகர அதிகாரி மேல் வழக்குத் தொடுத்தார். 1879-ல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் முடிவெட்டும் விதியைச் செல்லாததாக்கினார். வழக்குத் தொடுத்தவர் கேட்டிருந்த இழப்பீடு 10,000 டாலர். காற்று விதி மட்டும் பிழைத்துக்கொண்டது. நியூயார்க்கின் 1901 சட்டத்திலும் ஆளுக்கு 400 கன அடி, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 200 என்று ஒரு கணக்கு உண்டு. விதியின் சொற்கள் ஒன்றுபோலவே இருக்கும்; யார் கதவை எந்த இரவில் தட்டுகிறார்கள் என்பது வேறு.

குழாய்க்கு வருவோம். நம் ஊர் பிளம்பர்கள் ‘நஹானி ட்ராப்’ என்பார்கள். குளியலறைத் தரையின் தண்ணீர் வெளியேறும் வாயில் புதைத்திருக்கும் கிண்ணம். கொஞ்சம் தண்ணீர் எப்போதும் அதில் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவிலிருக்கும் கதவு. கழிப்பறைப் பீங்கானின் வளைவும், கைகழுவும் தொட்டியின் அடியிலிருக்கும் வளைகுழாயும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 1775-ல் லண்டன் கடிகாரக் கலைஞர் அலெக்சாண்டர் கமிங் பெற்ற காப்புரிமையில் இந்த வளைவு இருக்கிறது. அமெரிக்க விதியில் அந்தத் தண்ணீரின் ஆழம் குறைந்தது 2 அங்குலம், அதிகபட்சம் 4. குறைந்தால் காற்றழுத்தம் அதை உறிஞ்சி எடுத்துவிடும். கூடினால் கசடு தங்கி அடைத்துக்கொள்ளும்.

மேல்மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது குழாயில் இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். கீழ்வீட்டு வளைவிலிருக்கும் தண்ணீரும் அதோடு போய்விடும். இதைத் தடுக்கத்தான் மொட்டைமாடி வரை நீண்டு மேலே திறந்திருக்கும் காற்றுக்குழாய். எந்தக் குழாய்க்கு எத்தனை கருவிகள் வரை இணைக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை இயங்கும் என்ற சாத்தியக் கணக்கை அமெரிக்கத் தரநிர்ணய ஆய்வகத்தின் ராய் ஹன்டர் போட்டுக் கொடுத்தார். 1940-ல் அவர் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் குழாய் அளவுகளுக்கு அடிப்படை.

இதில் ஒரு வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வளைவைக் கட்டாயமாக்கியவர்கள் சாக்கடை வாயுவே தொண்டையடைப்பானையும் டைஃபாய்டையும் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். கிருமிகள் தெரியவந்த பிறகு அந்தக் கொள்கை செத்தது. வளைவு மட்டும் நாற்றத்துக்காக என்று தங்கியது. பிறகு 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடித் தொகுப்பில் சார்ஸ் நோய் வந்தது. நோயுற்ற ஒருவர் உறவினர் வீட்டுக்கு வந்து கழிப்பறையைப் பயன்படுத்தியிருந்தார். சில வாரங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. 42 பேர் இறந்தார்கள். ‘இ’ பிளாக்கில்தான் பாதிப்பு அதிகம், அதுவும் மேலும் கீழுமாக அடுக்கியிருந்த வீடுகளில். ஆய்வு செய்தவர்கள் காட்டிய முக்கியக் காரணம்: குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியதால், தரை வடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அது வற்றிய வளைவின் வழியாகக் கழிவுக் குழாயிலிருந்த நுண்துளிகளை வீட்டுக்குள் இழுத்தது. தவறான காரணத்துக்காக எழுதிய விதிக்கு நூறாண்டு கழித்துச் சரியான காரணம் கிடைத்தது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறை வீட்டில் இருந்தால், வாரத்துக்கு ஒரு குவளைத் தண்ணீரைத் தரை வடிகாலில் ஊற்றுங்கள். கரப்பானும் வராது.

ஜன்னலின் மூன்றாவது வேலை தப்பிப்பது. அமெரிக்க விதித்தொகுப்பில் ஒவ்வொரு தூங்கும் அறைக்கும் நேராக வெளியே திறக்கும் ஒரு வழி வேண்டும். ஜன்னலாக இருந்தால், திறந்த பின் கிடைக்கும் வெற்றிடம் 5.7 சதுர அடி. உயரம் குறைந்தது 24 அங்குலம், அகலம் குறைந்தது 20 அங்குலம். அடிப்பக்கம் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அவசரமாகப் படிப்பவர் இங்கேதான் சறுக்குவார். 24-ஐ 20-ஆல் பெருக்கினால் வருவது 480 சதுர அங்குலம், 5.7 சதுர அடி என்பது 820-க்கும் மேல். இரண்டு கீழ்வரம்பையும் ஒரே ஜன்னலில் வைத்தால் தேறாது. அகலம் 20 அங்குலம் என்றால் உயரம் 41-க்கு மேல் போக வேண்டும். உள்ளிருப்பவர் நெளிந்து வெளியேறினால் மட்டும் போதாது. முதுகில் காற்று உருளையோடு தீயணைப்பு வீரர் அதே வழியாக உள்ளே வர வேண்டும் என்று போட்ட கணக்கு இது. 44 அங்குலம் தூக்கக் கலக்கத்தில் ஏறக்கூடிய உயரம். ஜன்னலில் கம்பி போடலாம். ஆனால் சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பைப் புரட்டினால் வேறொரு மனம் தெரிகிறது. ஒரே அறையுள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர். அமெரிக்க 70 சதுர அடியைவிட இது பெரிது, நூறு சதுர அடிக்கு மேல். ஜன்னலும் தாராளம்: வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. 9.5 சதுர மீட்டர் அறைக்குச் சுமார் 17 சதுர அடித் திறப்பு. அமெரிக்கர் கேட்பதில் மூன்று மடங்கு. ஆனால் அந்த விதி வெளிச்சத்தையும் காற்றையும் மட்டும் நினைத்து எழுதியது. 17 சதுர அடியையும் நாம் இரும்புக் கம்பியால் அடைத்து, சுவரோடு சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறோம். திருடன் வருவான் என்ற பயம் நெருப்பு வரும் என்ற பயத்தைவிடப் பெரியது. திருடனைப் பற்றிய பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒரு கம்பிச் சட்டத்தையாவது கீல் வைத்து உள்ளிருந்து கொக்கியில் நிறுத்தினால் இரண்டு பயத்துக்கும் வழி இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் கேட்டால் அரை நாள் வேலை.

வெளிச்சத்துக்கு விளக்கு, காற்றுக்கு மின்விசிறிக் குழாய், நெருப்புக்குக் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் என்று மூன்று வேலையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் ஜன்னல் எதற்கு? இந்தக் கேள்வியைச் சார்லி மங்கர் நேராகவே கேட்டார். வாரன் பஃபெட்டின் கூட்டாளியாக இருந்த இந்தக் கோடீஸ்வரர் சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். விடுதியைத் தம் வடிவமைப்புப்படியே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பதினொரு மாடி, 4,500 மாணவர்கள், படுக்கையறைகளில் 94 விழுக்காட்டுக்கு ஜன்னல் இல்லை. பதிலாகச் செயற்கைச் சூரியன்போல ஒளிரும் பலகை. பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆலோசனைக் குழுவிலிருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் 2021 அக்டோபரில் இதை ஏற்க முடியாது என்று விலகினார். செய்தி உலகம் சுற்றியது. 2023-ல் பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிட்டு வேறு வழி தேடியது. விதி அதைத் தடுக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. பெரிய கட்டடங்களுக்கான மாதிரி விதித்தொகுப்பு, இயற்கை வெளிச்சம் இல்லையென்றால் செயற்கை வெளிச்சம், இயற்கைக் காற்று இல்லையென்றால் இயந்திரக் காற்று என்று மாற்று வழி தருகிறது. பொழுது விடிந்ததா, மழை பெய்கிறதா என்று படுக்கையிலிருந்தே பார்ப்பதும் ஜன்னலின் வேலை. அதற்கு இந்த விதித்தொகுப்புகளில் அங்குலக் கணக்கு இல்லை. வெய்லர் காலத்து ஆட்கள் அதை வாதமாக வைக்கவில்லை. காசநோயைச் சொன்னால் சட்டமன்றம் கேட்டது, காலை வெளிச்சத்தைச் சொன்னால் கேட்டிருக்காது.

நியூயார்க் நகரமோ ஜன்னலை விடவில்லை. வாழும் அறைக்கு அங்கே இன்றும் ஜன்னல் வேண்டும்; இல்லாத அறையை வீட்டுத் தரகர்கள் ‘வீட்டு அலுவலகம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த அலுவலகத்தில் கட்டில் போடுவார்கள் என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். படுக்கையறை என்றால் துணி அலமாரி இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை ஒன்றும் அமெரிக்க வீட்டு வியாபாரத்தில் உலவுகிறது. மாதிரி விதித்தொகுப்பில் அப்படி எதுவும் கிடையாது. அலமாரி இல்லாமல் யாரும் செத்ததில்லை என்பதால் இருக்கலாம்.

விதியிலிருந்து தப்பிய அறைகள் நகரத்துக்கு அடியில் இருக்கின்றன. தரைமட்டத்துக்குக் கீழே பாதிக்குமேல் புதைந்தால் ஒரு பெயர், பாதிக்குக் குறைந்தால் இன்னொரு பெயர் என்று நியூயார்க் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு குடும்ப வீடுகளில் முதல் வகையை வாடகைக்கு விடவே கூடாது என்பது நீண்ட காலச் சட்டம். குயின்ஸ், புரூக்ளின் வட்டாரங்களில் புதிதாக வந்த தெற்காசியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் சீனர்களும் இவற்றில்தான் வாழ்கிறார்கள். குறைந்தது 50,000 சட்டவிரோத அடித்தள வீடுகளில் ஒரு லட்சம் பேர் இருக்கலாம் என்று 2021-ல் மேயர் சொன்னார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்சம் நகரத்தின் மேல் வந்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 3.15 அங்குல மழை. நகரச் சாக்கடைகள் மணிக்கு 1.75 அங்குலத்துக்கு வடிவமைத்தவை. மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் போகின்றன. குழாய் நிரம்பியதும் தண்ணீர் இரண்டு பக்கமாக வந்தது: படிக்கட்டு வழியாகத் தெருவிலிருந்து கீழே, கழிப்பறை வழியாகச் சாக்கடையிலிருந்து மேலே. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் கதவை இழுத்துத் திறக்க முடியாது. நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் அடித்தள வீடுகளில். அந்த இறப்புகள் நேர்ந்த ஆறு கட்டடங்களில் ஐந்தில் அடித்தளத்தைச் சட்டவிரோதமாக வீடாக மாற்றியிருந்ததாக நகரத் துறை சொன்னது.

அந்த இரவில் பலருக்கு இல்லாமல் போனவை எவை என்று யோசித்தால் இந்தக் கட்டுரையின் எண்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ஆள் வெளியேறும் அகலத்துக்கு ஒரு ஜன்னல். ஜன்னல் தரைக்குக் கீழே இருந்தால் அதற்கு வெளியே 9 சதுர அடிக் குழியும் ஏணியும். தெருச் சாக்கடை மூடியின் மட்டத்துக்குக் கீழே கழிப்பறை இருந்தால், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. மாதிரி விதித்தொகுப்பில் இவை அனைத்தும் இருக்கின்றன. ஆனால் சட்டவிரோதமான வீட்டை எந்த விதியும் எட்டுவதில்லை. வீட்டுக்காரர் வால்வு போட அனுமதி கேட்டுப் போனால், அங்கே ஆள் குடியிருப்பதை ஒப்புக்கொண்டதாகும்.

விதியைக் கறாராக அமல்படுத்தினால் ஒரு லட்சம் பேர் தெருவுக்கு வருவார்கள். 97 ஆர்ச்சர்ட் தெருவில் 1935-ல் நடந்தது அதுதான்: பழைய கட்டடங்களுக்கான புதிய தேவைகளுக்குச் செலவு செய்வதைவிட மேல்மாடிகளைப் பூட்டுவதே லாபம் என்று உரிமையாளர் குடித்தனக்காரர்களை வெளியேற்றிவிட்டார். அதனால்தான் அந்தச் சுவரும் வீட்டுக்குள் ஜன்னலும் அருங்காட்சியகத்துக்கு அப்படியே கிடைத்தன. விதியைத் தளர்த்தினால் அடுத்த மழை வரும். 2019-ல் கிழக்கு நியூயார்க் பகுதியில் அடித்தள வீடுகளை முறைப்படுத்த நகரம் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. கூரை உயரம், படிக்கட்டு, ஸ்பிரிங்க்ளர் என்று செலவு ஏறி, முடிவுவரை வந்த வீடுகள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. 2024-ல் மாநிலமும் நகரமும் இன்னொரு வழியைத் திறந்திருக்கின்றன, குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டும்.

என் கருத்தில் சிக்கல், விதித்தொகுப்பு தன் எண்களைத் தரம் பிரிக்காததில் இருக்கிறது. ஏழடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அங்குலம் குறைந்த கூரையும், திறக்காத ஜன்னலும் ஆய்வாளரின் படிவத்தில் ஒரே மாதிரி இரண்டு குறைகள். தூங்குகிறவருக்கு அவை ஒன்றல்ல. ஒலியெழுப்பும் புகைக் கருவி, ஆள் நுழையும் ஜன்னல், பின்னோட்ட வால்வு மூன்றையும் முதலில் போடு. போட்டவர்மேல் சட்டவிரோதக் குடியிருப்புக் குற்றச்சாட்டு வராது. உயரத்தையும் அறைப் பரப்பையும் பத்து ஆண்டுக்குள் பார்த்துக்கொள் என்று ஒரு வரிசை இருந்தால், பல வீட்டுக்காரர்கள் இந்த வருடமே பிளம்பரைக் கூப்பிடுவார்கள். நேர்மையான எதிர்வாதமும் உண்டு: தாழ்ந்த கூரையை இன்று விட்டால் நாளை அதுவே புதிய கீழ்வரம்பாகிவிடும் என்று வெய்லரின் வழிவந்தவர்கள் சொல்வார்கள், 1879-ன் காற்றுக்குழியைக் காட்டி. அந்த அனுபவத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் காற்றுக்குழி இனிக் கட்டப்போகும் வீடுகளுக்குக் கொடுத்த சலுகை. இங்கே பேச்சு, இன்றிரவு ஆள் படுத்திருக்கும் அறைகளைப் பற்றியது.